காயம்படாத கால்

1918 டிசம்பரில் மிஸிஸிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் வில்லியம் ஃபாக்னர் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 21. உடம்பில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியின் சீருடை. குறுக்கே தோல்வார், கையில் சிறு பிரம்பு, மார்பில் விமானிக்கு மட்டுமே உரிய சிறகுச் சின்னம். நடக்கும்போது ஒரு காலை லேசாக விந்தினார். ஊர் பார்த்தது; நம்பியது. தம்பி ஜான் எழுதிய நினைவுப் புத்தகம் 1963இல், ஃபாக்னர் இறந்ததற்கு மறுவருஷம், வெளிவந்தது. அதிலும் அண்ணன் விமானத்தோடு விழுந்த கதை நடந்த விஷயமாகவே இடம்பெறுகிறது.

நடந்தது வேறு. ஃபாக்னர் விமானப் படையில் இருந்தது மொத்தம் 179 நாட்கள். அத்தனையும் கனடாவில், டொரான்டோவில். 1918 ஜூலை 9 அன்று பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். அணிவகுப்பு, தந்தி, வரைபடம், இயந்திரப் பாடம் என்று வகுப்பறைகளிலேயே காலம் போயிற்று. பறக்கும் பயிற்சிக்கு முறை வருமுன் நவம்பர் 11 வந்துவிட்டது. போர் நின்றது, பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிரான்ஸைப் பார்க்கவில்லை, எதிரியைப் பார்க்கவில்லை. விமானத்தில் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம். கௌரவ செகண்ட் லெப்டினன்ட் பதவி காகிதத்தில் வந்து சேர்ந்தது 1920இல்தான். ஆக அவர் போட்டுக்கொண்டு வந்த உடுப்புக்கு அன்று அவருக்கு உரிமை கிடையாது. சிறகுச் சின்னத்துக்கு என்றைக்குமே கிடையாது.

டொரான்டோ ஆவணங்களை மைக்கேல் மில்கேட் 1966இல் ஆராய்ந்து எழுதினார். ஜோஸஃப் ப்ளாட்னர் 1974இல் இரண்டு பெரும் பாகங்களாக வெளியிட்ட வாழ்க்கை வரலாறு மீதியைச் செய்தது. அதற்குப் பிறகு ஃபாக்னரின் போர்ச் சேவை என்பது ரகசியம் அல்ல. அதைப் பற்றி விமர்சகர்கள் சொல்லும் சமாதானமும் பழகிப்போய்விட்டது. கதைக்காரன் முதலில் தன்னையே கதையாக்கிப் பார்த்தான், அந்தப் பொய்தான் அவனுடைய முதல் நாவல், அதற்குப் போய் ஒழுக்க விசாரணை வைப்பது பாமரத்தனம் என்பதுதான் அந்தச் சமாதானம். எனக்கு இது ஒப்பவில்லை. எழுத்தாளனுக்கு ஒரு தனிச் சலுகையைச் சந்தடியில்லாமல் வாங்கிக் கொடுப்பதற்காகச் சொல்லப்படுவது இது. மற்றவன் செய்தால் மோசடி, நாம் செய்தால் சிருஷ்டியின் ஆரம்பப் பயிற்சி. பொய்யை அதன் விவரங்களோடு நெருங்கிப் பார்த்தால் இந்தச் சமாதானம் நிற்காது.

படையில் சேர்ந்ததே பொய் சொல்லித்தான். 1918 ஏப்ரலில், சிறு வயதிலிருந்து தனக்கென்று நினைத்திருந்த எஸ்டெல் ஓல்டம் வேறொருவரை மணந்துகொண்டாள். ஃபாக்னர் ஊரைவிட்டு நியூ ஹேவனில் இருந்த நண்பர் ஃபில் ஸ்டோனிடம் போனார். வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை பார்த்தார். உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம். அமெரிக்கப் படை தன்னைக் குள்ளன் என்று தள்ளிவிட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார். பிரிட்டிஷ் படையை ஏமாற்றலாம் என்று நண்பர்கள் இருவரும் திட்டம் போட்டு ஆங்கிலேய உச்சரிப்பைப் பழகினார்கள். விண்ணப்பத்தில் ஃபாக்னர் இங்கிலாந்தின் ஃபின்ச்லியில் பிறந்தவரானார். பிறந்த தேதியும் மாறியது. குடும்பப் பெயருக்குள் ‘யு’ என்ற எழுத்து ஒன்று நுழைந்தது. உலகம் இன்று அறியும் பெயரே அந்த விண்ணப்பத்தில் எழுதிய பெயர்தான். நற்சான்று கொடுக்க ட்விம்பர்லி-தார்ன்டைக் என்று ஒரு பாதிரியாரையும் உண்டாக்கினார்கள். அப்படி ஒரு பாதிரியார் பூமியில் இல்லை.

இதுவரை படிக்கிறவன் சிரிக்கலாம். இருபது வயதுப் பையன் சாகிற இடத்துக்குப் போவதற்காகத் திருட்டு வழியில் நுழைகிறான். அதில் ஒரு வீம்பு இருக்கிறது, நாணயமும் இருக்கிறது என்று சொல்லலாம். உள்ளே போன பிறகு நிலைமை மாறுகிறது. டொரான்டோவிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களிலேயே தான் தனியாகப் பறந்ததாக எழுத ஆரம்பித்துவிட்டார். ஊர் திரும்பியதும் கதை வளர்ந்தது. போர் முடிந்த அன்று மதுவோடு விமானத்தில் ஏறி, கொட்டகைக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கி, தலைகீழாகத் தொங்கியபடி குடித்தது முதல் கட்டம். கால் போனது அதில். பிறகு தலையிலும் அடி. மண்டையோட்டில் வெள்ளித் தகடு.

காலும் தலையும். இந்த இரண்டு இடங்களையும் கவனிக்க வேண்டும். ஃபாக்னருக்கு அடுத்த தம்பி ஜாக், அண்ணனுக்கு முன்பே அமெரிக்க மரீன் படையில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனவன். விஷவாயுவைச் சுவாசித்தவன். 1918 நவம்பரின் ஆரம்பத்தில், போர் முடியப் பத்து நாள் இருக்கையில், ஆர்கான் காட்டில் குண்டுச் சிதறல்கள் அவன் மேல் பாய்ந்தன. ஒன்று காலில், ஒன்று தலையில். செய்தி வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்தது. மிஸிஸிப்பியில் அண்ணன் விந்தி நடந்து காட்டிக்கொண்டிருந்தபோது தம்பி பிரான்ஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

காயத்துக்கென்றே நம் பழைய இலக்கியத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நெஞ்சில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். இரண்டாவதற்கு நாணி உயிர்விட்ட அரசன் உண்டு. காயம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அந்தச் சொற்களுக்கு அடியில் கிடக்கிறது. இன்னொருவனின் புண்ணை எடுத்து அணிந்துகொள்கிறவனுக்கு அங்கே சொல் இல்லை. ஃபாக்னர் வேண்டுமென்றே தம்பியின் உடம்பைப் பார்த்து நகல் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. விந்தல் முதலில் வந்ததா, தம்பியின் செய்தி முதலில் வந்ததா என்ற கணக்கிலும் இறங்க விரும்பவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒரே இரண்டு காயங்கள், ஒன்று நிஜம், ஒன்று நடிப்பு என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. ஜாக் தன் காயத்தைப் பற்றி ஊரில் முழங்கியவர் அல்ல. இதைக் கதைக்காரனின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

அந்த ஊரில் அது எப்படிச் செல்லுபடியாயிற்று என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. தோற்ற போரின் கிழவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த நிலம் அது. ஃபாக்னரின் கொள்ளுத் தாத்தா கர்னல் வில்லியம் கிளார்க் ஃபாக்னர் உள்நாட்டுப் போரில் 2ஆம் மிஸிஸிப்பி காலாட்படையை நடத்தியவர்; நாவலாசிரியர்; 1889இல் பழைய கூட்டாளி ஒருவரால் நடுத்தெருவில் சுடப்பட்டு இறந்தவர். ரிப்ளி கல்லறையில் பளிங்குச் சிலையாக நிற்கிறார். 1862இல் அவருடைய படைவீரர்களே வாக்களித்து அவரைத் தலைமையிலிருந்து இறக்கியதைச் சிலை சொல்லாது. அதற்கும் முன்னால், 1847இல் மெக்ஸிகோவில், அவர் கையிலும் காலிலும் பட்ட காயம் போர்க்களத்தில் பட்டது அல்ல, அனுமதியில்லாமல் முகாமைவிட்டு வெளியே போன இடத்தில் பட்டது என்பதையும் சொல்லாது. கர்னல் நிஜமான வீரர்தான். ஆனால் நிஜ வீரனுக்கும் அங்கே பளிங்கு தேவைப்பட்டது.

இந்த மண்ணில் இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். மிஸிஸிப்பியில் பிறந்து டெக்ஸாஸில் குடியேறிய வால்டர் வில்லியம்ஸ் என்ற கிழவர் 1959 டிசம்பர் 19 அன்று ஹூஸ்டனில் இறந்தார். தனக்கு 117 வயது என்றார். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களில் கடைசியாக மிஞ்சியவர் அவரே என்று ஜனாதிபதி ஐஸன்ஹோவர் தேசிய துக்கம் அறிவித்தார். அதே வருஷம் ஒரு பத்திரிகையாளர் 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் புரட்டிப் பார்த்திருந்தார். அதில் வில்லியம்ஸ் ஐந்து வயதுக் குழந்தை. செய்தி வெளிவந்தும் துக்கம் நிற்கவில்லை. தேசத்துக்கு ஒரு கடைசிச் சிப்பாய் தேவைப்பட்டது. கையில் கிடைத்தவரை வைத்துக்கொண்டது. அவர் பொய் சொன்னது 1930களின் பஞ்சத்தில், மாநில ஓய்வூதியத்துக்காக. பல மாநிலங்களில் அப்படிச் சொல்லி மாதப் பணம் வாங்கிய கிழவர்கள் ஏராளம். வில்லியம் மார்வல் 1991இல் ஒவ்வொருவரையாகத் தேடி எழுதியபோது ‘கடைசி வீரர்கள்’ பட்டியல் சரிந்துபோயிற்று. சோற்றுக்காகச் சொன்ன பொய்யைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டம் இதற்கு நேர்மாறாக யோசிக்கிறது. பதக்கம் பெற்றதாக வெறுமனே புளுகுவது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது. 2013இல் வந்த புதுச் சட்டம் லாபத்துக்காகப் புளுகினால்தான் குற்றம் என்கிறது. இந்தத் தர்க்கத்தில் கிழவர் வில்லியம்ஸ் அகப்படுவார், ஃபாக்னர் தப்பிவிடுவார்.

ஃபாக்னர் பைசா எதுவும் கேட்கவில்லை. பின் எதைக் கேட்டார்? இங்கே ஹெமிங்வேயைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். ஹெமிங்வேயின் காயம் நிஜம். 1918 ஜூலை 8 இரவு, இத்தாலியில் பியாவே நதிக்கரையில், செஞ்சிலுவைச் சங்க ஊழியராகச் சிப்பாய்களுக்கு சாக்லெட்டும் சிகரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. கால்களில் நூற்றுக்கணக்கான சிதறல்கள். இத்தாலி வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. ஊர் திரும்பிய பிறகு இது அவருக்குப் போதவில்லை. இத்தாலியின் அதிரடிப் படையில் அதிகாரியாக இருந்து சண்டையிட்டதாகச் சொல்லத் தொடங்கினார். இத்தாலிய மேலங்கியில் ஓக் பார்க் தெருக்களில் நடந்தார். சாக்லெட் கொடுக்கப் போன இடத்தில் பட்ட காயத்துக்கு ஒரு வேறு காரணம் வேண்டியிருந்தது. 1925இல் ‘சிப்பாயின் வீடு’ எழுதினார். அதில் வரும் கிரெப்ஸ் நிஜமாகவே சண்டையிட்டவன். ஆனால் ஊருக்குத் தாமதமாகத் திரும்புகிறான். நடந்ததைக் கேட்க யாரும் தயாராக இல்லை. பொய் சொன்னால்தான் கேட்கிறார்கள். சொல்கிறான். சொன்ன பிறகு, போரில் தனக்கு நேர்ந்த எல்லாவற்றின் மேலும், நல்லவற்றின் மேலும்கூட, குமட்டல் வருகிறது. பொய் உண்மையை அழிப்பதில்லை, அதன் ருசியைக் கெடுத்துவிடுகிறது. இந்தச் சில பக்கங்களில் இருப்பதை எந்தப் போர் ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை. பொய் சொல்லிப் பார்த்தவனால் மட்டுமே எழுத முடிந்த கதை அது. மேலங்கியோடு நடந்தவன் கிரெப்ஸின் வாயால் ஒப்புக்கொள்கிறான்.

ஃபாக்னரிடம் இந்த ஒப்புதல் இன்னும் விசித்திரமாக நடக்கிறது. 1919 நவம்பரில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் அவருடைய முதல் சிறுகதை வந்தது. கனடாப் பயிற்சி முகாமில் ஒரு மாணவன் தனியாகப் பறக்கிறான். புறப்படும்போதே ஒரு சக்கரம் போய்விடுகிறது. வெறும் அதிர்ஷ்டத்தால் உயிரோடு இறங்கி, பிறகு தன் திறமையைப் பற்றி மற்றவர்களிடம் பீற்றிக்கொள்கிறான். கதை அவனைக் கேலி செய்கிறது. அதே மாதங்களில், அதே பல்கலைக்கழகத்தில், போர்வீரர் என்ற சலுகையில் இடம் பெற்ற ஃபாக்னர் பிரம்போடு உலாவிக்கொண்டிருந்தார். வாயால் சொன்னது ஒன்று. அச்சில் எழுதியது அதற்கு எதிர்ச்சாட்சி.

1926இல் வந்த முதல் நாவல் ‘சிப்பாயின் கூலி’யில் இந்தப் பிளவு அப்பட்டமாகிறது. முகம் சிதைந்து, பார்வை போய்க்கொண்டிருக்கும் விமானி டொனால்ட் மேயன் ரயிலில் ஊர் திரும்புகிறான். அதே ரயிலில் ஜூலியன் லோ என்ற பயிற்சி மாணவன். தனக்கு முறை வருமுன் போர் நின்றுவிட்டது என்று பொருமுகிறவன். மேயனின் தழும்பைப் பார்த்து அவனுக்கு வருவது இரக்கமில்லை, பொறாமை. அந்த முகத்தைக் கொடுத்தால் சாவையும் சேர்த்து வாங்கிக்கொள்வான். ஊருக்கு மேயனாகத் தன்னைக் காட்டிய மனிதர், தாளில் தன்னை லோவாக எழுதுகிறார். அசட்டுப் பையனாக, நாவலின் விளிம்புக்குத் தள்ளப்படுபவனாக, கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருப்பவனாக. அவருடைய புனைவில்தான் பொய் இல்லை. ‘பொய்யே முதல் நாவல்’ என்ற சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். பொய்யிலிருந்து நாவல் முளைக்கவில்லை. பொய்யால் வாயடைத்துப்போன விஷயம் நாவலில் பேசிற்று.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1925இல் நியூ ஆர்லீன்ஸில் ஃபாக்னர் ஷெர்வுட் ஆண்டர்சனோடு பழகினார். ஆண்டர்சன் விந்தலை நம்பினார், தகட்டை நம்பினார். நம்பியது மட்டுமில்லை, கதையாகவும் எழுதிவிட்டார். தென்னாட்டுக் கவிஞன் ஒருவன், பிரிட்டிஷ் விமானத்தோடு விழுந்து ஊனமானவன், வலியால் தூக்கமில்லாமல் குடிக்கிறவன். அந்தக் கதை அந்த வருஷமே ‘டயல்’ பத்திரிகையில் வந்தது. ஃபாக்னர் தன் காயத்தைத் தன் கதையில் வைக்குமுன் இன்னொருவர் கதையில் அது நிரந்தரமாகிவிட்டது. உண்மையைத் தேடி எழுதியவர் என்று பெயர் பெற்ற ஆண்டர்சன் நல்ல மனத்தோடு ஒரு பொய்யை இலக்கியமாக்கினார். கதையின் தரத்தை இது பாதிக்கிறதா? சில தடவை படித்துப் பார்த்தேன். விஷயம் தெரிந்த பிறகு, அந்தக் கவிஞனின் வலியை விட, கேட்டுக்கொண்டிருப்பவனின் நம்பிக்கைதான் கதையில் உயிரோடு இருக்கிறது.

1930களில் விலை கேட்கப்பட்டது. ஃபாக்னர் 1933இல்தான் மெம்ஃபிஸில் வெர்னன் ஆம்லி என்பவரிடம் விமானம் ஓட்டக் கற்றார். 1918 விபத்தில் போன தைரியத்தை மீட்க வேண்டும் என்று ஆசிரியரிடம் காரணம் சொன்னார். முன்பு சொன்ன பொய்க்கு ஏற்ற திறமையைப் பதினைந்து வருஷம் கழித்துச் சம்பாதித்துக்கொண்டார். வாகோ விமானம் ஒன்று வாங்கினார். கடைசித் தம்பி டீனுக்கும் ஆசை வந்தது. அண்ணன் உற்சாகப்படுத்தினார், விமானமும் அவன் கைக்குப் போயிற்று. 1935 நவம்பர் 10 அன்று அந்த வாகோ விழுந்து டீனும் கூட இருந்த பயணிகளும் இறந்தார்கள். டீனின் மனைவி கர்ப்பமாயிருந்தாள். 1929இல் வந்த ‘ஸார்டோரிஸ்’ நாவலில், போரில் விமானத்தோடு விழுந்து இறந்த ஜான் ஸார்டோரிஸின் கல்லறைக்கு ஃபாக்னர் ஒரு வேதாகம வாசகம் எழுதி வைத்திருந்தார். டீனின் கல்லில் அதையே பொறிக்கச் சொன்னார். இதைப் பற்றி விளக்கம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பொய் நிற்கவில்லை. 1943 ஏப்ரலில், விமானியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த தம்பி மகன் ஜிம்மிக்கு எழுதிய கடிதத்தில், தன் விமானப்படை அடையாள வில்லையை அவனுக்குத் தர ஆசை என்றும், அது ஜெர்மனியில் தொலைந்துபோய் இப்போது கெஸ்டாப்போவிடம் இருக்கலாம் என்றும் எழுதினார். வயது 45. ‘சத்தமும் சீற்றமும்’, ‘அப்சலோம், அப்சலோம்!’ எல்லாம் எழுதி முடித்த மனிதர். நிஜமாகவே போருக்குப் போகிற பையனிடம் கொடுப்பதற்கு அவரிடம் அந்தப் பழைய ஜோடனையைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து மால்கம் கௌலி ஃபாக்னர் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். அச்சில் இல்லாமல் போய்க்கொண்டிருந்த எழுத்தாளரை மீட்ட தொகுப்பு அது. முன்னுரையில் போர்ச் சாகசமும் இருந்தது. கௌலி அதை நம்பி எழுதியிருந்தார். ஃபாக்னர் அதை நீக்கச் சொன்னார். நல்ல புத்தகம் இந்தப் போர் விவகாரத்தால் பாழாகும், சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் 1918இல் விமானப் படையில் இருந்தார் என்பதோடு நிறுத்துங்கள் என்று கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். உண்மை இன்னது என்று அப்போதும் சொல்லவில்லை. பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல், அது அச்சாவதை மட்டும் தடுத்தார். கோழைத்தனம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு வேறு விதமாகவும் படுகிறது. வாயில் கிடக்கும்வரை பொறுத்துக்கொண்ட ஒன்றை, தன் கதைகள் இருக்கும் அதே அட்டைகளுக்குள் வர விடவில்லை.

கெஸ்டாப்போ கடிதம் எழுதிய அதே 1943இல் ஒரு நாவலுக்கான யோசனை பிறந்தது. பத்து வருஷம் பிடித்து, 1954இல் ‘ஒரு நீதிக்கதை’ என்று வந்தது. கனமும் வறட்சியும் உள்ள நாவல். நல்ல வாசகர்களே பாதியில் வைத்துவிடுகிறார்கள். அதில் லெவைன் என்ற இளம் விமானி வருகிறான். போர் முடியப்போகும் நேரத்தில் வந்து சேர்கிறான். ஜெர்மன் தளபதி ஒருவரின் விமானம் பத்திரமாக எல்லை தாண்டி வருவதற்காக, இரு தரப்புத் தலைமைகளும் சேர்ந்து சண்டை நடப்பதுபோல் ஏற்பாடு செய்கின்றன. இவன் சுடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கியில் இருந்தது வெற்றுத் தோட்டா. அதைத் தன் மேலேயே சுட வைத்து உறுதிப்படுத்திக்கொள்கிறான். விமான அங்கியில் நெருப்பு ஒட்டிக்கொண்டு மெல்லப் பரவுகிறது. இருந்த ஒரே ஒரு சண்டையும் ஜோடனை என்று தெரிந்த பிறகு அவன் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். நாவலில் மற்றதெல்லாம் பிரசங்கம் என்றாலும் இந்தப் பையன் வரும் பக்கங்கள் பிரசங்கம் அல்ல.

1962 ஏப்ரலில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு ஃபாக்னரை அழைத்தார்கள். சாம்பல் நிறச் சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பயிற்சி மாணவர்களுக்கு அவர் தன் எழுத்திலிருந்து வாசித்துக் காட்டினார். அதுவரை வெளிவந்திராத கடைசி நாவலிலிருந்து, ஒரு குதிரைப் பந்தயம்.